முப்பது நாள் டப்பா

"முப்பது நாள் டப்பா பதினாலே நாள்ல எப்படி மாப்ள காலியாகும்? அதுக்கென்ன கை கால் முளைச்சிடுச்சா?"

தீயணைப்பு வீரர், மீன் புரோட்டீன் மாவு டப்பாவைச் சாப்பாட்டு மேஜைமேல் ணங்கென்று வைத்தார். ஆழமான டப்பா. அடியில் ஒரு கைப்பிடி மாவுதான் மிச்சம். எதிரே, வேலைத் தேர்வுக்குத் தயாராக அவர் வீட்டில் வந்து தங்கியிருந்த மனைவியின் தம்பி, வியர்வையைத் துடைத்தபடி விழித்தான்.

வருடாந்திர உடல் பரிசோதனையில் டாக்டர் சொல்லியிருந்தார். "ஓடறீங்க, ஏணி ஏறறீங்க, எல்லாம் சரி. ஆனா சர்க்கரை எல்லையில நிக்குது. வயித்தைக் குறைங்க, புரோட்டீனைக் கொஞ்சம் கூட்டுங்க."

அன்றே டப்பா வாங்கிவிட்டார். தினம் ஒரு கரண்டி, முப்பது நாளுக்கு என்று மேலேயே அச்சடித்திருந்தது. உள்ளே ஒரு கரண்டி போடக்கூடக் கம்பெனிக்கு மனசில்லை என்று திட்டிக்கொண்டே, சமையலறைக் கரண்டியால் தினமும் அளந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து வந்தார்.

"சத்தியமா நான் தொடலை மாமா. அந்த வாடையே எனக்கு ஆகாது."

"ஆகாதா? வந்தப்போ ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்தே. இப்போ உன் கையைப் பாரு!"

"தினமும் மணல் மூட்டை தூக்கிட்டு ஓடறேன். நீங்கதானே ஓடச் சொன்னீங்க?"

சமையலறையிலிருந்து மனைவி பாய்ந்து வந்தாள். "என் தம்பிக்குப் பசிச்சா கேட்டுச் சாப்பிடுவான். வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க."

"எல்லாம் நீ குடுக்கிற செல்லம்! ரெண்டு வாரமா வயிறு கல்லு மாதிரி கிடக்கு. எடை வேற ரெண்டு கிலோ ஏறிடுச்சு."

"தினமும் குடிக்கிறீங்களே, அப்புறம் என்ன?"

"நிம்மதியா குடிச்சாத்தானே உடம்புல ஒட்டும்? வீட்டுக்குள்ளேயே திருட்டு!"

மேஜை ஓரத்தில் மச்சினனின் விண்ணப்பம் இருந்தது. தீயணைப்பு வேலைக்கு. 'இவர் நேர்மையானவர்' என்று பணியில் இருக்கும் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். இன்று ஐந்து மணியோடு கடைசி. அடுத்த வருடம் அவனுக்கு வயது கடந்துவிடும்.

அதைக் கையில் எடுத்தார். இருபது வருடமாக எத்தனையோ வீடுகளுக்குள் போய் வந்தவர், ஒரு குண்டூசியைக்கூடத் தொட்டதில்லை.

"எரியற வீட்டுல பீரோ திறந்தே கிடக்கும். அதுல கை வைக்காதவன்தான் இந்த வேலைக்கு லாயக்கு. மாவுக்கே கை நீட்டறவனுக்கு நான் கையெழுத்துப் போடணுமா?"

சரக்கென்று குறுக்கே கிழித்துப் போட்டார்.

மச்சினனின் முகம் சிவந்துவிட்டது. "கையெழுத்து போடலைன்னாகூடப் பரவாயில்ல மாமா. திருடன்னு சொல்லிட்டீங்க. இனிமே இந்த வீட்டுப் பச்சைத் தண்ணிகூட எனக்கு வேணாம்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போனான். அக்கா தெருமுனை வரை கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் தனியாக வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஐந்தடித்து ஓய்ந்திருந்தது. தீயணைப்பு வீரர் இன்னும் பொருமிக்கொண்டிருந்தார். "போகட்டும். அடுத்த டப்பா முப்பது நாள் வருதா இல்லையான்னு நீயே பாரு."

அவள் கழுவிப் போடுவதற்காக டப்பாவை ஒரு தட்டில் கவிழ்த்தாள்.

மாவோடு சேர்ந்து 'டக்'கென்று ஏதோ விழுந்தது. இத்தனை நாளும் அடியில் புதைந்து கிடந்த, டப்பாவோடு வந்த குட்டி பிளாஸ்டிக் கரண்டி.

அவர் தினமும் அளக்கும் சமையலறைக் கரண்டியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். குட்டிக் கரண்டியால் தட்டிலிருந்த மாவை அள்ளி அதில் போட்டாள். ஒன்று.

பாதிதான் நிறைந்தது.