பச்சைத்தோல் சுற்றிய டயர்

பாலாற்றங்கரைத் திடலில் தோல்ஷாப்பு முதலாளியின் பந்தய மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கிறது. பின்சக்கரங்களுக்கு ஒரே அளவில் டயர் கிடைக்கவில்லை. வலப்பக்கத்து டயர் ஒல்லி. வளைவில் வண்டி குடைசாயாமல் இருக்க, தொட்டியில் தோல் ஊறவைக்கும் தனகோடி அந்த டயரின்மேல் பதனிடாத ஈரப் பச்சைத்தோலை இழுத்துச் சுற்றித் தைத்து வெயிலில் காயவிட்டான். இப்போது அது மாட்டுக்கொம்பாய் இறுகியிருக்கிறது, தட்டினால் டங்கென்கிறது. "ரெண்டும் ஒரே உசரம். இன்னா பயம் மச்சான்?" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரிக்கிறான் அவன் தங்கை புருஷன் கன்னியப்பன். தனகோடியும் சிரித்தபடி விலகுகிறான். கொடிக்காரன் கையைத் தூக்குகிறான். அப்போதுதான் தனகோடியின் கண் திடலின் கடைசி வளைவுக்குப் போகிறது. துரைமார் பந்தலில் புழுதி அடிக்காமலிருக்க, அங்கே ஒரு மாட்டுவண்டி பீப்பாயைச் சாய்த்துத் தண்ணீர் கொட்டிக்கொண்டு போகிறது. செம்மண் கறுத்து, வெயிலில் பளபளக்கிறது. கட்டையாய்க் காய்ந்த தோலும் தண்ணீர் பட்டால் கொழகொழவென்று நெகிழ்ந்துபோகும். தினமும் தொட்டியில் அதைத் தடவிப் பார்க்கிற விரல்களுக்கு அது தெரியும். "மாப்ள, எறங்கு! அங்க ஈரம்! எறங்கு மாப்ள!" இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடுகிறான். எஞ்சின் இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. மச்சான் உற்சாகத்தில் குதிக்கிறான் என்று நினைத்து, கன்னியப்பனும் பதிலுக்குக் கையை வீசுகிறான். கொடி இறங்குகிறது.