தொப்பி தின்ற முடி

"தொப்பியை மாட்டு. இல்லன்னா வீட்டுக்குக் கிளம்பு."

ரொட்டிக்கூடத்தின் நடுவில் நின்று சூப்பர்வைசர் கத்தினார். எதிரே, வெள்ளைத் துணித் தொப்பியைக் கையில் பிடித்தபடி சுருட்டை நின்றான். தலைமுடியால் வந்த பெயர்தான். இப்போது அந்த முடி நெற்றியிலிருந்து கொஞ்சம் பின்வாங்கியிருந்தது.

"மாட்ட மாட்டேன் சார். சீப்பை எடுத்தாலே கொத்துக் கொத்தா வருது. அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம்."

"ரொட்டிக்குள்ள முடி கிடந்துச்சுன்னு கடைக்காரர் என்னைக் காய்ச்சி எடுத்துட்டார். அவர்கிட்ட உன் கல்யாணக் கதையைச் சொல்லவா?"

"தொப்பி போட்டா முடி கொட்டும் சார். இங்க எல்லாருக்கும் தெரியும். நம்ம மாஸ்டரையே பாருங்களேன்!"

எல்லோரும் திரும்பினார்கள். அடுப்புக்குள் தட்டைத் தள்ளிக்கொண்டிருந்த மாஸ்டர் சட்டென்று குனிந்துகொண்டார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. தொப்பியைக் கழற்றினால் உள்ளங்கை மாதிரி தலை.

"அண்ணி, நீங்களே சொல்லுங்க" என்றான் சுருட்டை.

ரொட்டிகளுக்கு உறை போட்டுக்கொண்டிருந்த மாஸ்டரின் மனைவி நிமிரவில்லை.

"நான் என்னத்தைப் புதுசா சொல்றது? இங்க சேர்றதுக்கு முன்னாடி அவருக்குக் காடு மாதிரி முடியாம். சீப்பு உள்ள போனா வெளிய வர வழி தெரியாதாம். இந்தப் பாழாப்போன தொப்பிதான் தின்னுடுச்சு."

"வேரைக்கூட மிச்சம் வைக்கலையே அண்ணி!" என்று யாரோ சொல்ல, கூடமே சிரித்தது.

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "மாமனார் கேட்டா என்னடா சொல்லுவே? வேலை போச்சு, முடி இருக்குன்னா?"

சுருட்டையின் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் தொப்பியை மேசைமேல் வைத்துவிட்டு, முதுகுப்பக்கம் கைவிட்டு ஏப்ரன் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான்.

மாஸ்டர் அவனைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி அவனைப் பார்த்தார்.

"நில்லுடா."

மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு நடுக்கூடத்துக்கு வந்தார். எல்லோர் முன்னிலும் தன் தொப்பியைக் கழற்றினார்.

"இதுமேல பழி போடாதே. இங்க வர்றப்பவே என் தலை இப்படித்தான் இருந்துச்சு. எங்கப்பாவுக்கும் இப்படித்தான், சித்தப்பாவுக்கும் இப்படித்தான். முன்னாடி ஒரு துணிக்கடையில நின்னேன். வர்றவங்க துணியைப் பார்க்காம என் தலையைப் பார்த்தாங்க. எல்லாரும் தொப்பி போடுற வேலை எங்கடா இருக்குன்னு தேடி அலைஞ்சுதான் இங்க வந்து சேர்ந்தேன். தொப்பி போட்டதால வழுக்கை விழலைடா. வழுக்கை விழுந்ததாலதான் தொப்பிக்கு வந்தேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

சுருட்டை ஏப்ரனைத் திரும்பக் கட்டிக்கொண்டான். மேசையிலிருந்த தொப்பியை எடுத்து, ஒரு சுருள்கூட வெளியே தெரியாமல் மாட்டிக்கொண்டான். சூப்பர்வைசர் கிடங்குப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

மாஸ்டர் மெல்ல மனைவியின் மேசைக்குப் போனார். குரல் இறங்கியிருந்தது.

"இத்தனை வருஷமா உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். கோபமா?"

"தெரிஞ்ச பொய்க்கு என்னங்க கோபம்?"

"தெரியுமா! அப்புறம் ஏன் காடு, சீப்புன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தே?"

"ஆசையா வளர்த்து வச்சிருந்தீங்க. நான் ஏன் வெட்டணும்?"

"யாரு சொன்னா உனக்கு? எங்கம்மாவா?"

அவள் உறை போடுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேலை கேட்டு வந்த அன்னைக்கு, ஸ்டோர் ஜன்னல் வழியா உங்களுக்குத் தொப்பி நீட்டுன கை யாரோடதுன்னு நினைச்சீங்க? தலை நிமிராமலே வாங்கிக்கிட்டீங்க. அதான், காது வரைக்கும் மூடட்டும்னு, இருந்ததுலயே பெருசாப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்."