அக்கரையில் ஊன்றிய குச்சிகள்

ஏரிக்கரைப் பொட்டலில் ஓர் ஆட்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. ஒருநாள் மனிதர்கள் ஜீப்பில் வந்து இறங்கி, சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை அங்கே ஊன்றினார்கள். ஊர்க் குப்பையையெல்லாம் கொண்டுவந்து எரிக்க ஓர் உலை கட்டப்போவதாகப் பேசிக்கொண்டார்கள்.

அதைக் கேட்ட குருவி முட்டைகளை விட்டு எழுந்தது. மீனுக்காகக் காத்து நின்ற கொக்கிடம் ஓடியது.

"அண்ணே, இங்க புகை வந்தா என் குஞ்சுங்க எப்படி மூச்சு விடும்?"

"சாம்பல் விழுந்தா இந்தக் கரையில மீன் ஏது? எனக்கும் பொழப்பு போச்சு" என்றது கொக்கு.

இரண்டும் விடவில்லை. மனிதர்கள் வரும்போதெல்லாம் குருவி கத்திக்கொண்டே அவர்கள் தலைக்கு மேல் பாய்ந்தது. கொக்கு குச்சிகளைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டது. கடைசியில் மனிதர்கள் சலித்துப்போய் ஜீப்பில் ஏறிக் கிளம்பினார்கள்.

கொக்கு சிறகை விரித்து ஆடியது. அப்போது அக்கரையிலிருந்து ஒரு காடையின் அலறல் கேட்டது. அதே மனிதர்கள் அங்கே போய் ஜீப்பை நிறுத்திக் குச்சி ஊன்றிக்கொண்டிருந்தார்கள்.

"காத்து அந்தப் பக்கம்தான் அடிக்குது. நமக்கு ஒண்ணும் வராது, நீ போய்ப் படு" என்றது கொக்கு.

குருவி போய் முட்டைகள்மேல் உட்கார்ந்தது. ஆனால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. இத்தனை நாளும் தான் கத்தியதும் அக்கரைக்கு இப்படித்தான் கேட்டிருக்கும் என்று தோன்றியது.

"அண்ணே, முட்டையைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் பறந்தது.

அக்கரையில் காடை குருவியை நம்பாமல் பார்த்தது. "உங்க கரையை விட்டுத்தான் போயிட்டாங்களே. நீ எதுக்கு இங்க வந்தே?"

கத்திக் கத்திக் குருவிக்குத் தொண்டை கட்டியிருந்தது. அப்படியும் அது குச்சி ஊன்றுகிறவனின் தலைக்கு மேல் போய் மறுபடியும் கத்தத் தொடங்கியது.