முடியாத உவமைப் பாடம்

"மூண்டு மாசத் தவணை முழுக்க உவமையா? என்ன ரீச்சர், விளையாடுறீங்களா?"

கல்வி அதிகாரி நல்லரத்தினம் போட்ட சத்தத்தில் நாலாம் வகுப்பு கப்சிப் என்று அடங்கிப் போனது. மனிதருக்கு எப்போதும் மூக்கு நுனியில் கோபம். ஆனால் அன்றைக்கு நியாயமும் அவர் பக்கம்தான் இருந்தது.

தொண்ணூறுகளின் சண்டைக் காலம். மட்டக்களப்பு வாவியைக் கடந்து, போராளி இயக்கத்தின் பிடியிலிருந்த படுவான்கரைக்குப் பள்ளிக்கூடம் பார்க்க வருகிற அதிகாரிகள் குறைவு. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவரிடம், உவமையைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

எத்தல் ரீச்சர் டவுன் பக்கம் புளியந்தீவில், ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் வீட்டுப் பெண். வீட்டில் பறங்கிப் பாஷை, வகுப்பில் நல்ல தமிழ். தினமும் தோணியேறி வந்து படிப்பித்துவிட்டுப் போகிறவர்.

"பிள்ளைகளுக்கு வடிவா விளங்கட்டும் எண்டு மெல்ல மெல்ல, ஆறுதலாப் படிப்பிக்கிறன் சேர்."

"இது ஆறுதல் இல்ல ரீச்சர், நித்திரை! மத்தப் பள்ளிக்கூடங்களில உவமை முடிஞ்சு, கட்டுரை முடிஞ்சு, இலக்கணமும் முடியப்போகுது. நான் உங்களுக்கு டவுனுக்கு இடமாற்றம் எழுதப்போறன். இஞ்ச வேற ஆளைப் போடுவம்."

டவுனுக்கு மாற்றம் கிடைக்காதா என்று கோயில் கோயிலாக நேர்த்தி வைக்கிற ஆசிரியர்கள் எத்தனையோ பேர். எத்தல் ரீச்சரோ அழாத குறையாக நின்றார்.

"சேர், அதை மட்டும் செய்யாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அப்ப பிள்ளைகளிட்டயே கேட்டுப் பாப்பம். இவ்வளவு நாளும் என்னத்தப் படிச்சதுகள் எண்டு."

முன் வாங்கில் இருந்த சிறுமியைக் காட்டினார்.

"எழும்பு புள்ள. பேரென்ன?"

"கண்ணகை."

"ஒரு உவமை சொல்லு."

"கை கழுவுற சவர்க்காரம் போல வழுக்குவான் சேர்."

"ஆரு?"

"கோணாமலை. கணக்குக் கேட்டா."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. கோணாமலை துள்ளி எழும்பினான்.

"சேர், நானும் சொல்லுவன். மெழுகுதிரி போல ஒழுகுது."

"எது மனே?"

"கண்ணகைட மூக்கு."

நல்லரத்தினம் சிரிப்பை மீசைக்குள் மறைத்துக்கொண்டார். இத்தனை வருடமாக 'மதி போன்ற முகம்', 'மலர் போன்ற பாதம்' என்று கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன காது அவருடையது. கோபம் கொஞ்சம் இறங்கியது.

"கடைசி வாங்குப் புள்ள, நீ சொல்லு."

சீதேவிப்பிள்ளை மெதுவாக எழும்பினாள்.

"பால்மா அண்ணாக்கில ஒட்டுற போல, எங்கட தம்பி அம்மாவோட ஒட்டிக்கொண்டு கிடக்கான் சேர்."

"ஆ! நல்லாயிருக்கு." அவர் வாய்விட்டே சொல்லிவிட்டார். பிறகுதான் யோசித்தார். "பால்மா கண்ணால காணக் கிடையாத ஊரில உனக்கு எப்பிடி புள்ள அது ஒட்டுறது தெரியும்?"

"ரீச்சர் கொண்டுவந்து நாக்கில வெச்சுக் காட்டினவ. தொட்டுப் பாக்காம உவமை வராதாம்."

"மிச்சப் பால்மா எங்க?"

"பாடம் முடிய எங்கட தம்பிக்குக் குடுத்தவ."

"அப்ப அந்தச் சவர்க்காரம்?"

"மருத்துவிச்சி மாமிட்ட," என்றாள் கண்ணகை.

"மெழுகுதிரியும் மாமிட்டத்தான் சேர்," என்றான் கோணாமலை. "இருட்டுக்க பிள்ளை பிறந்தா வெளிச்சம் வேணும்தானே?"

நல்லரத்தினம் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். தோணித் துறையில் சென்றி போட்டுக் காவல் நிற்கிற ஆமி, சவர்க்காரம், மெழுகுதிரி, பால்மா என்று ஒன்றையும் படுவான்கரைக்கு விடுவதில்லை. அது அவருக்குத் தெரியாத விஷயமல்ல.

"துறையில என்னெண்டு விட்டவன்கள்?" குரல் தானாகவே தாழ்ந்துவிட்டது.

"பாடத்துக்கு எண்டு காட்டுவன் சேர். ஒரு நாளைக்கு ஒரு சாமான். அதுவும் கொஞ்சம்தான். பால்மாவெண்டா ஒரு சின்னப் போத்தலுக்க." ரீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உவமையை முடிச்சுப்போட்டு இலக்கணம் தொடங்கலாம் சேர். ஆனா எழுவாய், பயனிலைக்கு நான் எதைக் கொண்டுவந்து காட்டுறது?"

நல்லரத்தினத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இந்த மனுசியைப் போயா ஏசினோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

"இடமாற்றக் கதையை விடுங்க. ஆனா எனக்குப் பயமாக் கிடக்கு. பிடிச்சானெண்டா வேலை மட்டுமில்ல, உங்களையும் கொண்டு போயிருவான்."

பிற்பகல் ரீச்சருக்கு முன்னதாகவே தோணியேறித் திரும்பினார். டவுன் கரையில் கால் வைத்ததும் சென்றியில் நின்ற சிப்பாய் கையை நீட்டி மறித்தான்.

"சேர் பள்ளிக்கூடம் பாக்க வந்ததுதானே? எத்தல் ரீச்சர் என்ன படிப்பிக்கிறது? உவமைதானே?"

பாதித் தமிழ்தான். ஆனால் 'உவமை'யை மட்டும் சுத்தமாக உச்சரித்தான். நல்லரத்தினத்துக்கு விளங்கிவிட்டது. சரி, மாட்டிவிட்டோம். ஆயுளில் பாடத்திட்டத்தைப் பற்றி ஒரு பொய் சொல்லாத மனிதர், தொண்டையைச் செருமிக்கொண்டு அவிழ்த்துவிட்டார்.

"ஓம், உவமைதான். அது முக்கியமான பாடம். கொழும்பில இருந்தே உத்தரவு. வருசம் முழுக்கப் படிப்பிக்கத்தான் வேணும்!"

சிப்பாய் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. கிட்ட வந்து மெல்லச் சொன்னான்:

"நல்லது சேர். நாளைக்கு எங்கட பெரியவர் லீவு. ரீச்சரைக் கொஞ்சம் பெரிய உவமையாக் கொண்டுவரச் சொல்லுங்க."