கடல்ல நின்னு சொன்ன மொத வார்த்தை

மைதிலிக்கா, திருப்பிக் கூப்பிடாத. இத கேட்டுட்டு டெலிட் பண்ணிடு. பாத்ரூம்ல குழாயத் திறந்துவிட்டுட்டு பேசறேன்.

பயமாத்தான் இருக்கு. ஆனா அதவிட கோவம் கோவமா வருது.

சாயங்காலம் நீ சென்னைலேருந்து வீடியோ கால்ல அந்தக் கத்து கத்தின. ஆசிரமத்துலேருந்து திரும்பி வந்தும் அம்மா வாயத் திறக்கலன்னு. பெத்த பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசினா எந்த சாமி கோச்சுக்கும்னு கேட்ட.

அம்மா கழுத்துல தொங்கற அட்டையத் தூக்கிக் காட்டினா. தெலுங்குல ‘மௌனம்’.

நீ கடைசில என்னத் திட்டிட்டு கட் பண்ண. என்னமோ நான்தான் அம்மா வாய்க்கு பூட்டு போட்ட மாதிரி.

அம்மா பேசணும்னு என்னவிட யாருக்கு ஆசை இருக்கும், சொல்லு.

இங்க மல்லாபூர்ல என் நெலம உனக்குத் தெரியாது. அம்மாவுக்கு நான்தான் ஸ்பீக்கர். காய்கறி வண்டி வந்தா பால்கனிலேருந்து நான் கத்தணும். அம்மா கைதட்டினா ஓடணும். எதுக்குன்னு போய்ப் பாத்தாதான் தெரியும். நேத்து பாதி கணக்கு போட்டுட்டிருக்கும்போது கூப்பிட்டு, சாம்பார வாயில வெச்சு, உப்பு சரியான்னு கண்ணாலயே கேக்கறா.

ரோஸ்லின் ஆன்ட்டி மேல் வீட்லேருந்து எறங்கி வந்து அம்மாகிட்ட கத்திக் கத்திப் பேசறாங்க. பேசலேன்னா காதும் கேக்காதுன்னு நெனப்பு போல. நான் நடுவுல நின்னுட்டு ஹவ் ஆன்ட்டி, ஹவ் ஆன்ட்டின்னு இந்த ஊர் பாஷையில ஆமாம் போட்டு தலையாட்டறேன்.

அப்பா அதுக்கு மேல. ஜீடிமெட்லாலேருந்து ஷிப்ட் முடிச்சு வந்து சோபாவுல சாஞ்சுக்கிட்டு, “கல்யாணம் ஆனதுலேருந்து இப்பதான்டீ நியூஸ முழுசா பாக்கறேன்”னு சிரிக்கறாரு.

அம்மாவும் சிரிச்சா. எனக்கு ரிமோட்ட தூக்கி அடிக்கலாம் போல இருந்துச்சு.

அந்த ஆசிரமத்துல நான் பட்டது போதாதா?

மச்சிலிப்பட்டணம் தாண்டி கடலோரத்துல ஒரு ஊரு. வெளிய பூரா கருவாடு காயுது, உள்ள வெங்காயம்கூட ஆகாது. போன வாங்கி துணிப்பையில போட்டு கட்டி வெச்சுட்டாங்க. விடியறதுக்கு முன்னாடியே மணி. பாயில மணல், பொங்கல்ல மணல், தலையில மணல். மௌனம் இருக்கறவங்க ராஜா மாதிரி கண்ண மூடிட்டு உக்காந்துக்கலாம். கூட வந்தவங்கதான் எல்லாருக்கும் பாத்திரம் தேய்க்கணும். அதான் அங்க சட்டம்.

என் விரலெல்லாம் உப்புத்தண்ணில வெடிச்சுப்போச்சு. கடைசி நாள் வரட்டும், அம்மா வாயத் திறக்கட்டும், அப்புறம் இருக்குன்னு பல்லக் கடிச்சிட்டிருந்தேன்.

அந்தக் கடைசி நாள்தான் சொல்ல வந்தேன்.

மௌனத்த விடறதுக்கும் அங்க ஒரு மொற இருக்கு. விடியக்காலம் எல்லாரும் முட்டி வரைக்கும் கடல்ல நிக்கணும். மொத வார்த்தைய கூட வந்தவங்க காதுல மட்டும் சொல்லணும். அலை சத்தத்துல வேற யாருக்கும் கேக்காது. அப்புறம் அட்டையக் கழட்டி ஆசிரமத்துக்காரங்ககிட்ட திருப்பிக் குடுத்துடணும்.

எங்க பக்கத்துல உப்பல்லேருந்து வந்த வசந்தி ஆன்ட்டி நின்னாங்க. வீட்டுக்காரர் காதுல என்னமோ சொன்னாங்க. அவரு தலைல அடிச்சுக்கிட்டாரு. வீட்ல கேஸ் சிலிண்டர மூடினீங்களான்னு கேட்டாங்களாம்.

நான் சிரிச்சுக்கிட்டே அம்மா பக்கம் காத காட்டினேன். பாத்திரம் தேய்ச்ச லட்சணத்துக்கு மொத வார்த்தையே திட்டாத்தான் இருக்கும்னு நெனச்சேன்.

அம்மா குனிஞ்சா. காதுல சூடா மூச்சு பட்டுச்சு.

அவ்வளவுதான்.

அலை ஜாஸ்தின்னு நெனச்சு, “கேக்கல, சத்தமா சொல்லும்மா”ன்னேன்.

திரும்பவும் மூச்சுதான்.

நிமிந்து பாத்தேன். வேதா, வேதான்னு என் பேரத்தான் சொல்றா. உதடு அசையுது. கழுத்து நரம்பு பொடைச்சு நிக்குது. கண்ணுல தண்ணி. சத்தம் மட்டும் வரல.

அக்கா, அம்மா மௌனம் இருக்கல. அம்மாவால பேச முடியல.

என் கைய எடுத்து அவ கழுத்துல வெச்சா. தோலுக்கு உள்ள, கோலிக்குண்டு மாதிரி, கெட்டியா.

நான் கத்தறதுக்குள்ள இன்னொரு கையால என் வாயப் பொத்திட்டா. அப்பான்னு உதட்டாலயே சொல்லி, அவருக்குத் தெரிய வேணாம்னு தலையாட்டினா. உன் பேரயும் அப்படியே சொல்லி, உனக்கும் வேணாம்னு தலையாட்டினா.

கொஞ்ச நாள் வாயத் திறக்காம கெடந்தா குரல் தானா வந்துடும்னு நம்பிப் போயிருக்காக்கா. டாக்டர்கிட்ட போயிருக்க வேண்டியவ.

அட்டைய வாங்க வந்த ஆசிரமத்துக்காரங்ககிட்ட அம்மா குடுக்கல. நெஞ்சுல நேரா இழுத்துவிட்டுக்கிட்டா. இவங்க இன்னும் மௌனத்த நீட்டிக்கறாங்கன்னு அங்க ஒரே பேச்சு. வசந்தி ஆன்ட்டி மொதக்கொண்டு ஈரப் புடவையோட வந்து அம்மா கால்ல விழுந்தாங்க. அம்மா ஒவ்வொருத்தர் தலையிலயும் கைய வெச்சா.

கடைசில என் தலையிலயும்.

நாளைக்கே கெளம்பி வாக்கா. நான் சொன்னேன்னு காட்டிக்காத. போன்ல திட்டினது பத்தல, நேர்ல சண்ட போட வந்தேன்னு சொல்லு.