நான் பாத்துக்கறேன்

அக்கா குடும்பக் குரூப்பில் கேள்வியைப் போட்டு முடிக்கவில்லை, அதற்குள் முந்திரிக்கொட்டை பதிலைப் போட்டுவிட்டான்.

அவன் அந்த வீட்டின் கடைக்குட்டி. பேர் வீட்டார் வைத்தது, பொருத்தம் அவனே சம்பாதித்தது.

அக்கா கேட்டது இதுதான்: "கண் ஆபரேஷன் முடிஞ்சு அம்மாவை இன்னிக்கு மத்தியானம் வீட்டுக்கு அனுப்பறாங்க. கட்டுப் போட்ட கண்ணோட தனியா வர முடியாது. நான் வெளியூர்ல மாட்டிக்கிட்டேன். யார் போய்க் கூட்டிட்டு வர்றீங்க?"

"நான் பாத்துக்கறேன்க்கா! நீ கவலையே படாத!" கூடவே கும்பிடுகிற கை, சிவப்பு இதயம் எல்லாம் வரிசையாக.

"என் தங்கமே!" என்றாள் அக்கா.

"அப்ப சரிடா, நான் லீவு போடல" என்றான் அண்ணன். சித்தப்பா கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். விஷயம் முடிந்தது.

அண்ணி மட்டும் பார்த்தாள், பதில் போடவில்லை. எப்பவுமே அப்படித்தான். எல்லாவற்றையும் பார்ப்பாள், எதற்கும் வாயைத் திறக்க மாட்டாள். முந்திரி அவளுக்கு வைத்திருந்த பேர் ஊமைக்கோட்டான்.

"மாமியார் விஷயம்னா ஒரு விரல்கூட அசையாது" என்று முணுமுணுத்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தான்.

அவனுக்குத் தலைக்கு மேல் வேலை. பஸ் டிக்கெட் விற்கிற கம்பெனி. சாப்பாட்டு மேஜைதான் ஆபீஸ். டிக்கெட் கேட்டு வருகிற கூட்டத்தை மூன்று சர்வர்களுக்குப் பிரித்து அனுப்ப வேண்டும். அதற்குத்தான் லோடு பேலன்சர். இரண்டு பழைய சர்வர், ஒன்று புதுசு. எது சீக்கிரம் பதில் சொல்கிறதோ அதுக்கே அடுத்த ஆளை அனுப்பு என்று காலையில்தான் விதி எழுதி வைத்திருந்தான். அதில் அவனுக்கு ஏகப் பெருமை.

ஹெட்போனில் மேனேஜர் வெடித்தார். "என்னப்பா இது? டிக்கெட் கேட்டா பாதிப் பேருக்கு வெறும் வெள்ளைப் பக்கம் வருதாம். ஜனங்க திட்டித் தீர்க்கறாங்க!"

"பழசு ரெண்டும் அசமந்தம் சார். ஒரு பதில் சொல்றதுக்குள்ள விடிஞ்சிடும். புதுசைப் பாருங்க, கேட்ட உடனே 'சரி'ங்குது. பழசைக் கழட்டி விட்டா எல்லாம் ஒழுங்காயிடும்."

"செஞ்சு தொலை."

கழட்டினான். பாதிப் பேருக்கு வந்துகொண்டிருந்த வெள்ளைப் பக்கம் இப்போது எல்லாருக்கும் வந்தது.

மேனேஜர் கத்திய கத்தலில் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு, அவசர அவசரமாகப் பழசை மறுபடி மாட்டினான். நடுவில் கவிழ்ந்து கிடந்த போன் துடித்தது. அடங்கியது. மறுபடி துடித்தது.

'பாத்துக்கறேன்னுதான் சொல்லியாச்சே, இன்னும் என்னவாம்?'

தேடோ தேடென்று தேடிய பிறகு சங்கதி பிடிபட்டது. டிக்கெட் விவரம் இருக்கிற டேட்டாபேஸோடு புது சர்வரை இணைக்கவே இல்லை. இணைத்திருக்க வேண்டியவன் அவன்தான். அதை மேனேஜரிடம் சொல்லவில்லை.

"சார், இந்தப் புதுசு ஒரு வேலையும் செய்யல சார்! யார் எதைக் கேட்டாலும் உடனே 'சரி'ன்னுடுது. அது முந்திக்கறதால நாம பாதிப் பேரை அதுகிட்டயே அனுப்பிட்டிருக்கோம். பழசுங்க நிஜமாவே சீட்டைத் தேடி டிக்கெட் போடுதுங்க, அதான் லேட்டாகுது."

"அடப்பாவி! அது செத்துக் கிடந்தாக்கூடத் தேவலையே. வேலை வேற சர்வருக்காவது போயிருக்கும்."

"ஆமா சார். உசுரோட இருந்து கழுத்தறுக்குது."

"இனிமே அதுகிட்ட 'இருக்கியா'ன்னு கேக்காத. 'டிக்கெட்டைக் குடுத்தியா'ன்னு கேளு. குடுக்கலேன்னா வெளியே தள்ளு."

"தள்ளிட்டேன் சார். வாயால வடை சுடறதையெல்லாம் கூட்டத்துல வச்சுக்கவே கூடாது" என்று பல்லைக் கடித்தான்.

எல்லாம் சரியாகிச் சோம்பல் முறித்தபோது ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. போன் மறுபடி துடித்தது. நிமிர்த்தினான். அண்ணி!

பகீரென்றது. அம்மா!

கட்டுப் போட்ட கண்ணோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் "வந்துட்டியாடா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும் அம்மா. இவன் வருகிறான் என்று நம்பி வேறு யாரும் போயிருக்க மாட்டார்கள்.

போனை எடுத்துக் காதில் வைத்தான். வாய் இருக்கிறதே, அது பழக்கப்படி முந்திக்கொண்டது.

"அண்ணி, இதோ ஆஸ்பத்திரி வாசல்லயே நிக்கறேன். ஒரே டிராஃபிக். நான் பாத்துக்கறேன், நீங்க..."

"எந்த ஆஸ்பத்திரி வாசல்லடா நிக்கற?" அம்மாவின் குரல். "நான் அண்ணி வீட்ல சாப்பிட்டுத் தூங்கி எந்திரிச்சாச்சு. அதைச் சொல்லத்தான் எத்தனை தடவை கூப்பிடறது?"

"அண்ணியா கூட்டிட்டு வந்தாங்க? குரூப்ல ஒரு வார்த்தைகூடப் பேசலையே!"

"பேச அவளுக்கு எங்கடா நேரம்? நீ 'நான் பாத்துக்கறேன்'னு போட்டதைப் பார்த்த உடனேயே செருப்பை மாட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்துட்டாளாம்."