மீந்த மாத்திரை

தொண்டை கட்டி முனகிக் கிடக்கும் புருஷனுக்குப் பொய் மாத்திரை கொடுக்கிற பெண்டாட்டியை நீங்கள் என்ன சொல்வீர்கள்?

மறுநாள் காலை அவருக்கு ஒரு பெரிய கூட்டத்தில் பேச்சு. அது நன்றாக அமைந்தால்தான் கல்லூரி வேலை நிரந்தரம். குரலோ துருப்பிடித்த கேட் மாதிரி கிரீச்சிட்டது.

பல் பிடுங்கியபோது மாமியாருக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக், வலி நின்றதும் பாதியில் விட்டது, அலமாரியில் கிடந்தது. அதைக் கொடு என்று புருஷன் ஒரே பிடிவாதம். டாக்டரிடம் போகலாம் என்றாள். வெறும் சளி, உப்பு வெந்நீரில் கொப்பளி என்பார், அதற்கு ஒரு நடையா என்றார்.

"என் பிள்ளைக்கு இல்லாத மாத்திரையை எந்தக் காக்காய்க்குப் போடப் போறே?" என்றார் மாமியார்.

இடுப்பில் குழந்தையோடு அலமாரியைத் திறந்தாள். பிரசவத்துக்குப் பின் தனக்குக் கொடுத்த கால்சியம் மாத்திரையும் அதே வெள்ளை, அதே நீளம். எடுத்து நீட்டினாள். அவர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. காக்கைக் குஞ்சு மாதிரி வாயை மட்டும் திறந்தார். கையோடு உப்பு வெந்நீரையும் கொப்பளிக்க வைத்தாள். குரல் வராமல் வேலை போனால் பழி தன் தலையில்தான்.

விடிந்ததும் குரல் கணீரென்று வந்துவிட்டது.

"பாத்தியா? இதுக்குப் போய் அந்த அழிச்சாட்டியம் பண்ணினே."

வாரம் முழுக்க அவர் கண்ணாடி முன்னால் பார்த்த ஒத்திகையை அடுப்படியிலிருந்து வரி விடாமல் கேட்டவள் அவள். அதை நம்பித்தான் மாத்திரையையே மாற்றினாள்.

அரங்கில் மாமியாரும் அவளும் கடைசி வரிசை. மேடையில் அவர் முழங்கினார். அரைகுறையாக மருந்து தின்றால் நோஞ்சான் கிருமி சாகும், சமாளிக்கத் தெரிந்த கிருமி பிழைத்துப் பெருகும் என்றார். பெருகிவிட்டுச் சும்மா இருக்குமா? அந்த வித்தை எழுதிய மரபணுவைச் சொந்தமா அந்நியமா என்று பாராமல் பக்கத்துக் கிருமிக்கும் ஒரு நகல் கொடுத்துவிடும். நாளைக்கு நிஜமாகவே நோய் வந்தால் எந்த மாத்திரையும் கேட்காது என்றார்.

மாமியார் நாற்காலியில் நெளிந்தார்.

கைதட்டல் அடங்கியதும் மேடையில் அவர் கை கூப்பினார்.

"ஒரே ஒரு வேண்டுகோள். மீந்த மாத்திரையை எடுத்து முழுங்கக் கூடாதுன்னு உங்க வீட்டுப் பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. பாவம், அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது."